இருபத்தொன்பது புள்ளி இரண்டு

ஒரு மீட்டர் ஆழத்தில் இருபத்தொன்பது புள்ளி இரண்டு என்று எழுதினான் எங்கோஸ். எழுதியது கடைமேட்டுப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு. தண்ணீரோ அங்கிருந்து சரிவில் இறங்கி, படகேறி, துடுப்புப் போட்டுப் போனால் முக்கால் மணி நேரத் தொலைவில் இருந்தது. ஐந்து மீட்டரில் இருபத்தெட்டு புள்ளி எட்டு. பத்தில் இருபத்தெட்டு புள்ளி ஒன்று. பதினைந்துக்கு வந்தபோது பேனாவை நிறுத்தி யோசித்தான். நேற்று இருபத்தேழு புள்ளி நாலு போட்டிருந்தான், முந்தாநாளும் அதேதான். மூன்றாம் நாளும் அதே எண் என்றால் பார்க்கிறவர் கண்ணை உறுத்தும். நாலை ஐந்தாக்கினான். பொய் எழுதுவதிலும் அவனுக்கு ஒரு தொழில் சுத்தம் இருந்தது.

நோட்டுக்குப் பக்கத்தில் கைப்பேசி கிடந்தது. மணி பத்து இருபத்தைந்து. கடலுக்கு அப்பால் தாயிஃபில் இப்போது காலை ஆறு இருபத்தைந்து. அங்கே ஒரு வீட்டில் வேலை பார்க்கும் அவன் மகள் யுயுன், அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டையும் தெருமுனைக்குக் கூட்டிப்போய்ப் பள்ளி வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பி நடப்பாள். தெருமுனையிலிருந்து வாசல் வரைக்கும் உள்ள அந்த ஏழெட்டு நிமிடம்தான் நாள் முழுவதிலும் அவளுக்கென்று இருப்பது. சிராத்தா நீர்த்தேக்கத்தின் இந்த மூலையில் மூன்று பக்கமும் குன்று. மீன் வளர்க்கும் மிதவைகளில் கைப்பேசி மணி பார்க்க மட்டும்தான் உதவும். பேச வேண்டுமென்றால் கடைமேட்டுக்கு ஏறி வர வேண்டும். எங்கோஸ் ஏறி வந்து, ஒரு காப்பி சொல்லி, அது ஆறி ஆடை கட்டும்வரை உட்கார்ந்திருப்பான். இன்றும் பத்தே முக்கால் ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. கைப்பேசி வாய் திறக்கவில்லை. இருபது மீட்டருக்கும் இருபத்தைந்துக்கும் மளமளவென்று எழுதிவிட்டு எழுந்தான்.

இந்த அளவெடுக்கும் வேலை அவனுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்தது. அவன் நிஜத் தொழில் காவல். பாண்டுங்கில் பல் டாக்டராக இருக்கும் ஒருவருக்கு இங்கே ஆறு வலைக்கூண்டுகள். நீல டிரம்கள் மேல் மூங்கில் கட்டி, நடுவில் ஒரு தகரக் குடில். அதில் இருந்துகொண்டு மீனுக்குத் தீவனம் போடுவதும் திருடன் வராமல் பார்ப்பதும் அவன் பாடு. டாக்டர் வருஷத்துக்கு ஒருமுறை வந்து, எங்கோஸின் வாயைத்தான் முதலில் பார்ப்பார். மனைவி போய் ஒன்பது வருஷம். மகள் கடல் கடந்து மூன்று வருஷம். இப்படி ஒண்டியாக, எங்கும் போகாமல், எழுதப் படிக்கத் தெரிந்தவனாக ஓர் ஆள் இருக்கிறான் என்று அணைக்கட்டு ஆபீசுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ரிஸ்மா என்ற பெண் வந்து ஒரு சின்னப் பெட்டியையும், வண்ண வண்ணமாய் ஒட்டுப்பட்டை சுற்றிய இருபத்தைந்து மீட்டர் கம்பியையும் கொடுத்துவிட்டுப் போனாள். தினமும் சரியாகப் பத்து மணிக்கு நடுத்தண்ணீருக்குப் போய், கம்பியை இறக்கி, ஆறு ஆழத்தில் சூடு பார்த்து எழுதி, மேட்டுக்கு வரும்போது கைப்பேசியில் ஆபீசுக்குச் சொல்ல வேண்டும். நீர்த்தேக்கத்தில் இன்னும் மூன்று இடங்களில் மூன்று பேர் அதே நேரத்தில் எழுதுவார்கள். எல்லாம் சேர்ந்து வாரா வாரம் படகுத்துறைக்குத் துறை கொடி ஏறும். பச்சை என்றால் பயமில்லை, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் மீனைத் தூக்கிவிடு.

அங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான் அது. வெயில் பட்ட தண்ணீர் மேலே மிதக்கும், குளிர்ந்தது கீழே கிடக்கும். இரண்டும் கலக்காதவரை எல்லோருக்கும் சோறு. கீழே கிடப்பது வெறும் தண்ணீர் அல்ல. இருபது முப்பது வருஷமாகக் கூண்டுகளிலிருந்து விழுந்த தீவனமும் மீன் கழிவும் அழுகிக் கிடக்கும், மூச்சென்பதே இல்லாத தண்ணீர். மழைக்காலத்தில் நாலைந்து நாள் சேர்ந்தாற்போல மூட்டமும் காற்றுமாக இருந்தால் மேல்தண்ணீர் ஆறும். ஆறினால் கனத்துக் கீழே இறங்கும். அது இறங்கினால் அடியில் இருப்பது மேலே வந்தே ஆக வேண்டும். உம்பாலன் என்பார்கள் அதை. தண்ணீர் புரண்டு படுப்பது. புரண்டால் ஒரு விடியலுக்குள் மொத்தக் குடாவும் காலி.

முதல் வருஷம் எங்கோஸ் ஒரு நாள் தவறாமல் அளந்தான். அதில் அவன் கண்டுகொண்டது, இந்த ஊர்த் தண்ணீரைப் போல அலுப்பூட்டும் தண்ணீர் உலகத்தில் இருக்காது என்பதுதான். குளிர்காலமும் கிடையாது, கோடையும் கிடையாது. வருஷம் முழுக்க ஆடினாலும் அதன் ஆட்டம் இரண்டு மூன்று டிகிரிக்குள் அடக்கம். பிறகு ஏப்ரலில் யுயுனுக்கு வேலை வீடு மாறிற்று, பேசும் நேரமும் மாறிற்று. நடுத்தண்ணீரா கடைமேடா என்ற கேள்வி வந்தபோது அவன் அதிகம் யோசிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எழுதக்கூடிய எண்ணை எதற்குக் கம்பி இறக்கிப் பார்க்க வேண்டும்? வெள்ளியும் சனியும் அங்கே பள்ளி விடுமுறை, அன்றைக்கு யுயுன் கூப்பிட மாட்டாள். அந்த இரண்டு நாளாவது உண்மையாக அளப்போம் என்று முதல் மாதம் போனான். வந்த வினை என்னவென்றால், இவன் கற்பித்த எண்களோடு நிஜ எண்கள் ஒத்துப்போகவில்லை. ஞாயிறு முதல் வியாழன் வரை பதவிசாக இருந்த தண்ணீர் வெள்ளிக்கிழமை மட்டும் அரை டிகிரி துள்ளியது. இவன் நிஜத்தைக் கொஞ்சம் தட்டித் திருத்தி எழுதினான். அப்புறம் திருத்துவதற்காக எதற்குப் போக வேண்டும் என்று போவதையே விட்டான். கம்பி குடிலின் கூரையில் சுருண்டு தொங்கியது. ரிஸ்மா மாதா மாதம் வந்து நோட்டைப் பார்த்து, "மத்தவங்க எண்ணெல்லாம் குதிச்சுக்கிட்டே இருக்கும் மாங். உங்களுது மாதிரி அழகா யாரோடதும் இல்ல" என்பாள். அந்தத் தண்ணீரில் எல்லோருக்கும் அவன் மாங்தான், சித்தப்பா. அவன் தலையைச் சொறிந்துகொள்வான்.

முதலில் யுயுன் வாரம் ஒருமுறை கூப்பிட்டாள். பிறகு மாதம் ஒருமுறை. "தினமும் வந்து காத்துக்கிட்டிருக்காதீங்கப்பா, முடியறப்ப நானே கூப்பிடறேன்" என்று ஒரு தரம் சொன்னாள். காத்திருப்பதாவது, காப்பி குடிக்க வந்தேன் என்று இவன் சிரித்தான். மறுநாளும் போய் உட்கார்ந்தான்.

எங்கோஸின் மிதவையை ஒட்டி, ஒரு பலகை நடந்தால் சேரும் தூரத்தில், மிமினின் மிதவை. நாலு கூண்டு, சொந்தக் கூண்டு. கணவன் விட்டுவிட்டுப் போன பிறகு பதினாலு வருஷமாகத் தனியாக அவளே பார்த்து வந்தாள். ஐம்பது வயதுக்காரி, நாக்கு மிளகாய்த் துவையல், கை அதைவிடக் காரம். மாலையானால் பலகையைத் தாண்டி ஒரு தட்டு வரும். தட்டுக்குப் பின்னால் அவளும் வருவாள். எங்கோஸ் ஒரு நாளில் பேசும் சொற்களில் முக்கால் பங்கு அவளிடம் பேசியதுதான். இந்த மீனைத் தூக்கியதும் அவள் கராவாங்குக்கு, மகனிடம் போகிறாள். பேரப்பிள்ளை பிறந்து நாலு மாதமாயிற்று. மிதவையை வாங்க ஆள் பேசியாயிற்று, மூட்டை கட்டியாயிற்று. நல்லபடியாக மீன் கரையேறினால் மறுநாளே புறப்பாடு.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் கூண்டின் அடிவலை கிழிந்திருந்தது. மேல்வலையில் கெண்டை, அது தின்று சிந்துவதைத் தின்ன அடிவலையில் ஜிலேபி மீன். கிழிசல் வழியாக ஜிலேபி ஓடிக்கொண்டிருந்ததால் எங்கோஸ் முங்கிப் போய்க் கட்டினான். இந்த வேலையை அவன் நூறு தரம் செய்திருக்கிறான். மூன்று ஆள் ஆழம் போனதும் இடுப்புக்குக் கீழே ஒரு குளிர்ச்சி வந்து பிடிக்கும், ஈரத் துணியை யாரோ சுற்றியதுபோல. அதற்கும் கீழே காலை நீட்டக் கூசும். அன்று அந்தக் குளிர்ச்சி இல்லை. தலைக்கும் காலுக்கும் ஒரே தண்ணீர். வலையை முடிச்சுப் போட்டபடி அவன் அதைக் கவனித்தான். கவனித்துவிட்டு மேலே வந்தான்.

"உயிரோடதான் இருக்கீங்களா மாங்? ஜிலேபியோட குடித்தனம் வெச்சிட்டீங்களோன்னு பாத்தேன்" என்றாள் மிமின், கயிற்றைப் பிடித்தபடி.

"கேட்டுப் பாத்தேன் தெத்தே. வயசாயிடுச்சு, வேண்டாங்குது." அவளை அவன் தெத்தே, அக்கா, என்றுதான் கூப்பிடுவான். தன்னைவிட இரண்டு வயது சின்னவள் என்பதெல்லாம் கணக்கில்லை.

"அதுக்காவது புத்தி இருக்கே." சிரித்துக்கொண்டே துண்டை எறிந்தாள். பிறகு முகம் மாறி, வானத்தைப் பார்த்தாள். குன்றுகளின் தலையைத் தொட்டுக்கொண்டு சாம்பல் மூட்டம். கொடியில் போட்ட துணி நாலு நாளாக ஈரம். "நாலு நாளா வெயிலே இல்ல மாங். துறையில பச்சைக் கொடிதான் பறக்குது. இருந்தாலும் இந்த வானம் சரியில்ல. லாரிக்காரன் நாளைக்கே வரேங்கறான். புதன்கிழமை தூக்கினா மீன் இன்னும் கொஞ்சம் கனம் ஏறும், கையோட நல்ல விலைக்குப் போகும். நீங்க சொல்லுங்க. தண்ணியோட அடிவயித்தை தினம் தொட்டுப் பாக்கறவரு நீங்கதான். புதன் வரைக்கும் தாங்குமா?"

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான் எங்கோஸ். துண்டுக்குள் முகம் இருந்தது நல்லதாயிற்று. நாளைக்குத் தூக்கினால் ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த மிதவையில் வேறு ஒருவன் நிற்பான். புதன் என்றால் கூடுதலாக ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். நாலு மாலை.

"தாங்கும்" என்றான். "பயப்படாதீங்க. புதன்னா புதன்."

"அப்ப சரி. கரையில இருக்கறவன் சொன்னா நம்ப மாட்டேன்" என்று அவள் லாரிக்காரனுக்குச் சொல்லிவிடக் கடைமேட்டுக்குக் கிளம்பினாள்.

கூரையில் கம்பி தொங்கிக்கொண்டுதான் இருந்தது. எடுத்துக்கொண்டு போய் ஒருமுறை இறக்கிப் பார்த்திருக்கலாம். அன்று வெள்ளி, கைப்பேசியும் கூப்பிடாது. இறக்கிப் பார்த்துவிட்டால் பிறகு தெரியாது என்று சொல்ல முடியாதே என்று அவனுக்குத் தோன்றியது. நிழல் விழாத அந்த மதியத்தில் நோட்டை எடுத்து, இருபத்தொன்பது புள்ளி ஒன்று என்று எழுதினான்.

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று மாலையும் மிமின் வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தாள். ஊரை விட்டுப் போகிற ஒருத்திக்கு எவ்வளவு பேச்சு இருக்குமோ அவ்வளவையும் பேசினாள். சோறும் கருவாடும் பச்சைக் கத்தரிக்காயும் துவையலுமாகத் தின்றார்கள். மருமகள் சமையலில் உப்பே இருக்காது, போனதும் முதல் சண்டை அதற்குத்தான் என்றாள். மாடி வீட்டில் ஆட்டம் இல்லாமல் எப்படித் தூங்குவது என்றாள். "எனக்கு அப்புறம் வரவன்கிட்ட தட்டெல்லாம் எதிர்பாக்காதீங்க மாங், அவன் பொண்டாட்டியை எனக்குத் தெரியும், காக்காய்க்கும் வைக்க மாட்டா." எங்கோஸ் சிரித்தான். சந்தோஷமாக இருந்தான், அதைச் சொல்லத்தான் வேண்டும். மூன்று நாளும் தூறல் விடவில்லை, காற்று தகரத்தை ஆட்டிக்கொண்டே இருந்தது. அவன் வானத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தான்.

செவ்வாய்க்கிழமை விடிகாலை சுபுஹ் தொழுகைக்கு எழுந்தபோதே நாற்றம் வந்துவிட்டது. அழுகிய முட்டை நாற்றம். வெளியே வந்தான். சாம்பல் வெளிச்சத்தில் டாக்டரின் கூண்டுகளில் கெண்டைகள் தண்ணீர்மட்டத்தில் நெருக்கியடித்து நின்று வாயைத் திறந்து திறந்து மூடின. சத்தம் கேட்டது, ஆயிரம் வாய்கள் காற்றைக் குடிக்கும் சின்னச் சின்னச் சத்தம். தண்ணீர் கரும்பச்சையாக இருந்தது. அடிவலையின் கயிற்றை இழுத்துப் பார்த்தான். ஜிலேபி கல் மூட்டையாய்க் கனத்தது. அதில் ஒன்றும் அசையவில்லை.

பக்கத்து மிதவையில் மிமின் அதற்குள் தாழ்ந்த ஓர மூங்கில்மேல் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். எங்கோஸ் பலகையைத் தாண்டி ஓடினான். இருவருமாகக் கைவலையால் அள்ளி, உயிருள்ளதைப் படகில் கொட்டி, படகில் மழைத்தண்ணீர் ஊற்றி, என்னென்னவோ செய்தார்கள். குடா முழுக்க அதே கூச்சல், ஒரு மிதவையிலிருந்து இன்னொரு மிதவைக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல்கள். ஏழு மணிக்குள் கூச்சல் அடங்கிற்று. கெண்டைகள் ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் சாய்ந்து, மஞ்சள் வயிற்றைக் காட்டின. நாலு கூண்டும் வயிறாகவே நிறைந்தன. மிமின் கைவலையைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அவள் ஈரக்கையால் முகத்தை ஒருதரம் துடைத்துக்கொண்டு, "இன்னொரு நாள், மாங். ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா இந்தத் தண்ணி?" என்றாள். பிறகு மகனுக்குச் சொல்லக் கடைமேட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கட்டியிருந்த மூட்டையை அவிழ்த்து, சட்டியையும் கரண்டியையும் பழைய ஆணிகளில் மாட்டினாள்.

மதியம் ரிஸ்மா வந்தாள். அவளைப் படகிலிருந்து இறங்கவிடாமல் நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். "பச்சைக் கொடி போட்டீங்களே, வந்து எண்ணிப் பாருங்க எத்தனை பச்சைன்னு" என்று ஒருவன் செத்த மீனை அவள் காலடியில் வீசினான். அவள் எப்படியோ மிமினின் மிதவைக்கு வந்து சேர்ந்து, எங்கோஸின் நோட்டைக் கேட்டு வாங்கி விரித்தாள். பக்கங்களைத் திருப்பி வெள்ளிக்கிழமையில் நிறுத்தினாள்.

"மத்த மூணு இடத்துலயும் வெள்ளிக்கிழமையே மேல்தண்ணி இருபத்தேழுக்கு இறங்கியிருக்கு. இந்தக் குடாவுல மட்டும் இருபத்தொன்பது. அதனாலதான் இந்தப் பக்கத்துக்கு மஞ்சள்கூட போடல. நோட்டுல எல்லாம் சரியாத்தானே இருக்கு? பின்ன எப்படி மாங்?"

"எண்ணை எழுதினா மீன் பிழைச்சிடுமா? நோட்டைத் தூக்கிப் போடு" என்றான், அவள் பின்னாலேயே வந்திருந்த மீன் வீசியவன். "இந்த ஆளு நிஜமாவே பாத்துத்தான் எழுதினாரா?"

மிமின் திரும்பினாள். "வாயை அளந்து பேசு. பதினாலு வருஷமா பக்கத்துல இருக்கேன், எனக்குத் தெரியாதா மாங் யாருன்னு? எனக்கும் போனதுதான். நான்தான் புதன் வரைக்கும்னு பேராசைப்பட்டேன். அவர் தண்ணியைப் பாத்தாரு, பாத்ததைச் சொன்னாரு. தண்ணி ஏமாத்தினா அவர் என்ன பண்ணுவாரு?"

அவள் திட்டியிருந்தால் எங்கோஸ் வாயைத் திறந்திருக்க மாட்டான். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு, அந்தப் பொய்யோடேயே மீதிக் காலத்தைத் தள்ளியிருப்பான். அவள் இப்படிப் பேசியதுதான் அவனால் தாங்க முடியவில்லை.

"நான் பாக்கல" என்றான்.

யாருக்கும் புரியவில்லை.

"கம்பியை இறக்கவே இல்ல. எல்லாம் நானா எழுதினது."

"எப்பலேருந்து மாங்?" என்றாள் ரிஸ்மா.

"ஏப்ரல்லேருந்து." அது ஜனவரி. "பத்தரைக்கு எம் பொண்ணு போன் பண்ணுவா. மேட்டுலதான் கேக்கும். அதனால..."

ரிஸ்மா நோட்டை மூடினாள். அவளுக்கு இருபத்தாறு வயதிருக்கும், அழுகையை அடக்கும்போது இன்னும் சின்னவளாகத் தெரிந்தாள். "எட்டு மணிக்கு மாத்திக் குடுங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா மாத்தியிருப்பேனே. நாலு பேரும் ஒரே நேரத்துல பாக்கணும், அவ்வளவுதானே. எல்லாருக்கும் எட்டுன்னு சொல்லியிருப்பேனே."

இந்த ஒன்பது மாதத்தில் அது அவனுக்குத் தோன்றவே இல்லை. யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"உங்க பொண்ணு எத்தனை தடவை பேசினா?" இது மிமின். குரலில் கோபம்கூட இல்லை, எதையோ தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"பதினொரு தடவை."

ஒருவன் துப்பினான். ஒருவன், இந்தக் கிழவனைத் தண்ணிக்குள்ள தள்ளுங்கடா என்றான். ஆனால் எல்லோருக்கும் அவரவர் மிதவையில் மீன் நாறிக்கொண்டிருந்தது. தள்ளுவதற்குக்கூட நேரமில்லாமல் கலைந்து போனார்கள். ரிஸ்மாவும் போனாள். போகும்போது, வேறு ஆள் கிடைக்கும்வரை அவனேதான் அளக்க வேண்டும், இனி எட்டு மணிக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மிமின் செத்த மீனைச் சாக்கில் அள்ளத் தொடங்கியிருந்தாள். அவன் எதிர்ப்பக்கம் போய்ச் சாக்கின் வாயைப் பிடித்தான். இரண்டு சாக்கு நிறைந்தது. மூன்றாவதில் நிறுத்தினாள்.

"எண்ணை விடு. வெள்ளிக்கிழமை என் கூண்டுக்கு அடியில முங்கினியே. உடம்புக்குத் தெரியலையா உனக்கு?"

இத்தனை வருஷத்தில் அவள் அவனை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மாங்கும் இல்லை.

"தெரிஞ்சுது" என்றான்.

"தெரிஞ்சுமா தாங்கும்னு சொன்னே?"

சாக்கின் வாய் அவன் கையில் இருந்தது. விட்டுவிட்டுப் போகவும் முடியாது. பொய் ஒன்று தயாராக வாய்க்குள் வந்து நின்றது, தண்ணி எப்பவாச்சும் அப்படித்தான் இருக்கும் தெத்தே, என்று. அதை விழுங்கினான்.

"சனிக்கிழமை தூக்கினா ஞாயிறே போயிடுவீங்க. நாலு நாள் இருப்பீங்களேன்னு."

அவள் அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று பிறகு அவன் பலமுறை யோசித்தான். வெறுப்பு இருந்திருந்தால் தெரிந்திருக்கும், அது அவனுக்குத் தெரிந்த பொருள்தான். ஏதோ கேட்கப் போனவள் போல் அவள் வாய் அசைந்தது. பிறகு குனிந்து, "நல்லாப் பிடி, சிந்துது" என்று சொல்லிவிட்டு அள்ளினாள். இருட்டுவதற்குள் அறுபத்தெட்டுச் சாக்கு கட்டினார்கள்.

எங்கோஸ் ஆசைப்பட்டது நடந்தது. மிமின் போகவில்லை. மிதவையை வாங்க வந்தவன் வெறும் கூண்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். பேரப்பிள்ளை கராவாங்கில் பாட்டியைப் பார்க்காமலே குப்புற விழக் கற்றுக்கொண்டிருக்கும். காலையில் அவள் அடுப்பு புகைவதையும், துணி அலசும் ஓசையையும், தனக்குத்தானே ஏதோ திட்டிக்கொள்வதையும் அவன் கேட்டுக்கொண்டிருந்தான். மாலையில் தட்டு வரவில்லை. அவன் கண்ணில் படாத பக்கமாக அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள். நாலு நாளுக்கு ஆசைப்பட்டவனுக்கு, அவள் விட்டதைப் பிடிக்கும்வரை இன்னும் ஒரு வருஷமே கிடைத்திருக்கிறது. பன்னிரண்டு அடி தூரத்தில் ஆள் இருக்கும்போது இருக்கிற தனிமை, ஆளே இல்லாதபோது இருந்ததைவிட மோசம் என்று அவனுக்குத் தெரிந்தது. முன்பு மேட்டில் காப்பி ஆறும்வரை உட்கார்ந்திருந்தபோது, மாலையில் இதைத் தெத்தேயிடம் சொல்லலாம் என்று நினைத்துக்கொள்ள ஏதாவது ஒன்று இருக்கும். இப்போது பார்த்ததெல்லாம் அவனுக்குள்ளேயே தங்கிவிட்டது.

தினமும் ஏழே காலுக்கே படகை எடுத்து, எட்டுக்கு நடுத்தண்ணீரில் கம்பியை இறக்கினான். யாரும் நம்பப்போவதில்லை என்று தெரிந்தும் ஒவ்வொரு ஆழத்திலும் எண் அசையாமல் நிற்கும்வரை பார்த்தே எழுதினான். இருபத்தாறு புள்ளி ஒன்பது. இருபத்தாறு புள்ளி ஒன்பது. இருபத்தாறு புள்ளி எட்டு. மேலிருந்து கீழ்வரை ஒரே தண்ணீராக இருந்தது. நோட்டில் இதுவரை எழுதியவற்றிலேயே பொய் போலத் தோன்றிய பக்கங்கள் இவைதான்.

ஒன்பதாம் நாள் படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது பலகை கிறீச்சிட்டது. மிமின் வந்தாள். தலையில் துண்டைச் சுற்றியிருந்தாள். ஒன்றும் கேட்காமல் படகில் இறங்கி, முன்பலகையில் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பெட்டியையும் நோட்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பத்தாயிரம் குஞ்சு விடச் சொல்லி ஆள் வந்திருக்கான்" என்றாள் தண்ணீரைப் பார்த்து. "விடலாமா வேண்டாமான்னு இனிமே நானே பாத்துக்கறேன். நீ துடுப்பைப் போடு."

அவன் துடுப்பைப் போட்டான். முக்கால் மணி நேரமும் அவள் திரும்பவில்லை. குடாவின் ஓரத்தில் இன்னும் சில மீன்கள் வெளுத்து மிதந்தன. நடுத்தண்ணீரில் அடையாள மிதப்பைக் கண்டதும் அவன் படகை நிறுத்தினான். எப்படி இறக்குவது என்று சொல்ல வாயெடுத்தான். அவள் கேட்கவில்லை. கம்பியின் நுனியைத் தண்ணீரில் விட்டு, சிவப்புப் பட்டை நனைந்ததும் நிறுத்தி, பெட்டியை முகத்துக்கு அருகே கொண்டுபோய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். உதட்டை அசைத்து எண்ணைச் சொல்லிக்கொண்டு எழுதினாள். அடுத்தது மஞ்சள், அதற்கடுத்தது நீலம். அவன் சொல்லாமலே எல்லாம் சரியாகச் செய்தாள்.

கடைசிப் பட்டையும் உள்ளே போயிற்று. இருபத்தைந்து மீட்டர். காற்று எழுந்து படகை ஒரு பக்கமாகத் தள்ளியது. கம்பி சாயக் கூடாது, சாய்ந்தால் ஆழம் தப்பிவிடும். எங்கோஸ் இரண்டு துடுப்பையும் எதிராகப் பிடித்து, முழங்கையில் நரம்பு புடைக்கப் படகை ஓரிடத்தில் நிறுத்தினான். தூறல் விழத் தொடங்கிற்று. மிமின் தலைத்துண்டை அவிழ்த்துப் பெட்டியின் மேல் குடையாகப் பிடித்தாள். அவள் பின்கழுத்தில், நரைத்த சின்ன மயிர்களில், துளிகள் வந்து நின்றன. எண் மாறிக்கொண்டிருந்தது போலும், அவள் பேனாவை நோட்டுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள். அவன் மூச்சைக்கூட மெல்ல விட்டுக்கொண்டு படகைப் பிடித்துக்கொண்டிருந்தான்.